பிழை விடாதவர்

திருகோணமலையில் ஒருவரை இதற்குமேல் புகழ முடியாது என்கிற அளவுக்குப் புகழ வேண்டுமென்றால், "அவர் பிழை விடாத ஆள்" என்பார்கள். வள்ளம் கட்டும் ஓடாவியைப் பற்றிச் சொல்வார்கள். கோணேசர் கோயிலில் பண் மாறாமல் பதிகம் பாடுகிறவரைப் பற்றி, நாடி பிடித்த கையோடு நோயைச் சொல்லிவிடும் பரியாரியாரைப் பற்றி, ஐந்தொகை பார்க்கும் கணக்காளரைப் பற்றியெல்லாம் சொல்வார்கள். ஒரு வேலையைப் பற்றிச் சொல்லும்வரை அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பலகையோடு பலகை பொருந்தியிருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துத்தான் அதைச் சொல்கிறார்கள். அந்தச் சொல் வேலையை விட்டு நகர்ந்து ஆளின்மேல் ஏறும்போதுதான் எனக்குள் ஏதோ முரண்டு பிடிக்கிறது. பிழை விடாத அப்பா. பிழை விடாத அதிபர். பிழை விடாத தலைவர். இப்படிச் சொல்லப்பட்ட யாரைப் பற்றியும் அதன் பிறகு ஒரு கேள்வி கேட்க முடியாமல் போய்விடுகிறது. கேட்டால், கேட்டவர்தான் மரியாதை தெரியாதவர்.

அண்மையில் எங்கள் குடும்பத்தில் ஒரு நினைவு மலர் அச்சுக்குப் போனபோது இந்தச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டி வந்தது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால், பிழையே விடமுடியாத நிலை என்று ஒன்றைப் பற்றி மற்ற மொழிகளும் மதங்களும் என்ன சொல்கின்றன என்று தேடிப்போனதில் கிடைத்தவற்றைச் சொல்ல வேண்டும். அவை இல்லாமல் என் பிடிவாதம் வெறும் பிடிவாதமாகத்தான் தெரியும்.

கதிரையில் இருக்கும்போது மட்டும்

ஆங்கிலத்தில் இதற்கு 'இன்ஃபாலிபிள்' என்ற சொல் இருக்கிறது. இடைக்கால லத்தீனின் 'இன்ஃபாலிபிலிஸ்' 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அங்கே போய்ச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் வினை 'ஃபாலெரே', ஏமாற்றுதல். 'ஃபோல்ஸ்', 'ஃபோல்ட்', நம் பள்ளிக்கூடங்களில் எல்லோருக்கும் தெரிந்த 'ஃபெயில்', மூன்றும் அதே வேரில் வந்தவைதான். ஆக, அந்தச் சொல்லின் அடியில் கிடப்பது ஏமாற்றாமையும் ஏமாறாமையும். நம்பிப் போனால் கைவிடாதது என்கிற பொருள். கெட்டிக்காரத்தனம் பற்றிய பேச்சே அதில் இல்லை.

இந்தச் சொல்லை உலகம் முழுக்கத் தெரிய வைத்தது 1870. முதலாம் வத்திக்கான் சங்கத்தில், ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசராக இருந்த காலத்தில், பாப்பரசரின் வழுவாவரம் கத்தோலிக்க விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது. எங்கள் ஊரில் மரியாள் பேராலயத்துக்குப் போய்வரும் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "எல்லாரும் அதைப் பிழையாகத்தான் விளங்கிவைச்சிருக்கினம்" என்று அவர் தொடங்கியபோது எனக்கு உற்சாகமாகிவிட்டது. பாப்பரசர் சொல்வதெல்லாம் சரி என்று அந்தக் கோட்பாடு சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று அவர் சொன்னால் அது பொய்க்கலாம். அவரும் பாவம் செய்யக்கூடியவர், அவரும் ஒரு குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியவர். திருச்சபை முழுவதற்கும் மேய்ப்பராக, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை, எல்லோரும் ஏற்கவேண்டியதென்று இறுதியாக வரையறுக்கும் அந்த ஒரு செயலில் மட்டுமே அவர் தவறாமல் காக்கப்படுகிறார். அதை 'எக்ஸ் கத்தீட்ரா' என்கிறார்கள், ஆசனத்திலிருந்து பேசுவது. 1870க்குப் பிறகு அப்படிப் பேசியதற்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் காட்டுவது 1950 நவம்பர் 1ஆம் திகதி, பன்னிரண்டாம் பத்திநாதர் மரியாளின் விண்ணேற்பை அறிவித்ததைத்தான்.

'கத்தீட்ரா' என்ற அந்த லத்தீன் சொல் போர்த்துக்கேய மொழியில் 'கடெய்ரா' ஆகி, அங்கிருந்து நம் வாயில் 'கதிரை' ஆனது. நம் வீட்டு விறாந்தையில் கிடக்கும் அதே கதிரை. பாப்பரசர்கூட அந்தக் கதிரையில் இருந்து, அந்த முறையில், அந்த விடயத்தைப் பேசும்போது மட்டும்தான். எழுந்துவிட்டால் அவரும் நம்மைப் போல.

1870இன் அந்தக் கோட்பாடும் சும்மா நிறைவேறவில்லை. ஜூலை 13ஆம் திகதி நடந்த முன்வாக்கெடுப்பில் 88 ஆயர்கள் வேண்டாம் என்றார்கள். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த முதலாம் ஹொனோரியுஸ் என்ற பாப்பரசரை, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு 680-681இல் கூடிய கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் தவறான கொள்கைக்காகக் கண்டித்திருந்தது. அதை எடுத்து மேசையில் போட்டு வாதாடினார்கள். கடைசி வாக்கெடுப்பில் முகத்துக்கு நேரே எதிர்ப்பதைவிடப் போய்விடுவது மேல் என்று பலர் ரோமை விட்டே புறப்பட்டார்கள். ஜூலை 18ஆம் திகதி, இடியும் மின்னலுமாக வானம் உடைந்துகொண்டிருந்த நேரத்தில், 533 பேர் ஆம் என்றார்கள். இருவர் மட்டும் இல்லை என்றார்கள். ஒருவர் இத்தாலியின் கயாத்சோ ஆயர், மற்றவர் அமெரிக்காவின் லிட்டில் ரொக் ஆயர். முடிவு வந்த உடனே இருவரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மனிதரை, ஒரு குறிப்பிட்ட செயலில் மட்டும் தவறாதவர் என்று சொல்வதற்கே இவ்வளவு வாதம், இவ்வளவு எல்லைக்கோடு.

தமிழில் இதைப் பெயர்த்தவர்கள் 'வழுவாமை' என்று நிறுத்தாமல் 'வரம்' என்பதைச் சேர்த்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வரம் என்றால் யாரோ கொடுத்தது. நமக்குச் சொந்தமில்லை. வாங்கியவர் அதைக் காட்டிப் பெருமை அடிக்கவும் முடியாது.

காக்கப்பட்டவர்

கிண்ணியாவில் எனக்கொரு நண்பர் இருக்கிறார், மௌலவி. பாலம் வருவதற்கு முன் 'பாதை' என்கிற மிதவையில் ஏறிக் கடந்துபோன காலத்திலிருந்து பழக்கம். அவரிடம் கேட்டபோது அவர் சொன்ன சொல் மஃஸூம். நபிமார்களைப் பற்றிச் சொல்வது. அதன் வேர் காத்தல், பற்றிப் பிடித்துப் பாதுகாத்தல். மஃஸூம் என்றால் காக்கப்பட்டவர். செய்வினையே இல்லை பாருங்கள், செயப்பாட்டுவினை. தவறாமல் இருப்பது அவருடைய சாமர்த்தியம் என்று அந்தச் சொல் சொல்லவில்லை. காப்பவன் வேறொருவன்.

அதே வேர் குர்ஆனில் நூஹ் நபியின் கதையிலும் வருகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். வெள்ளம் ஏறி வருகிறது. மகன் கப்பலில் ஏற மறுத்து, "நான் ஒரு மலையில் ஒதுங்கிக்கொள்வேன், அது என்னைக் காக்கும்" என்கிறான். "இன்றைக்குக் காப்பவர் யாருமில்லை, இறைவன் இரங்கினாலே தவிர" என்று தகப்பன் சொல்கிறார். அலை இருவருக்கும் நடுவில் வந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட எங்கள் கரையில் உட்கார்ந்து இதைக் கேட்பது வேறு மாதிரி இருந்தது. இருவரும் கொஞ்சநேரம் பேசவில்லை.

அப்புறம் நான் கேட்டேன், நபிமார்கள் சரி, மற்றவர்கள்? பெரிய இமாம்கள், சட்ட அறிஞர்கள்? ஷீஆக்கள் தங்கள் இமாம்களையும் மஃஸூம் என்பார்கள், எங்களிடம் அது கிடையாது என்றார். அதன் பிறகு அவர் சொன்ன ஒரு நபிமொழி, ஹதீஸ்தான் நாள் கணக்கில் என் மண்டைக்குள் சுற்றியது. தீர்ப்பளிப்பவர் தன்னால் ஆன மட்டும் முயன்று சரியான தீர்ப்பைக் கண்டால் அவருக்கு இரண்டு கூலி. முயன்றும் தவறிவிட்டால் ஒரு கூலி. தவறிய பிறகும் கூலி உண்டு! நேர்மையாக முயன்று பிழைத்தவனுக்கு ஒரு இடம் வைத்திருக்கும் எந்த ஏற்பாட்டையும் எனக்குப் பிடிக்கும். பிழை விடாதவர் என்ற பட்டம் அந்த இடத்தைத்தான் இல்லாமல் ஆக்குகிறது.

இனி நம்முடைய சொற்கள். வழு என்பது வழுக்கு, வழுக்கல் என்ற சொற்களோடு பிறந்தது. கால் சறுக்குவதுதான் அதன் முதல் பொருள். இழுக்கு என்பதும் அப்படியே. திருமாலின் பெயர்களில் ஒன்றான அச்சுதன் என்ற வடசொல்லுக்கும் தன் நிலையிலிருந்து நழுவாதவன் என்பதே பொருள். தவறு என்பதிலும் நழுவுதல் இருக்கிறது, கை தவறி விழுந்தது என்கிறோம். ஒருவர் இறந்தால் "தவறிவிட்டார்" என்கிறோம். அந்த வகையில் பார்த்தால் தவறாதவர் என்று ஒருவரும் இல்லை.

இவற்றிலெல்லாம் ஆழமானது பிழை. இலங்கையில் நாம் தவறு என்பதைவிடப் பிழை என்றுதான் அதிகம் சொல்கிறோம். பிழைத்தல் என்றால் தவறு செய்தல். பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல். தப்பு என்ற சொல்லும் அதே இரட்டைப் பொருளோடு இருக்கிறது, "தப்பிப் பிழைத்தான்" என்றால் இரண்டும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. அம்பு குறியைத் தப்பினால் எய்தவனுக்கு அது பிழை, மானுக்கு அது பிழைப்பு. அகராதியில் ஒரே பக்கத்தில் இந்த இரண்டையும் பார்க்கும்போது, போரிலும் கடலிலும் பிழைத்து வந்த எங்கள் ஊர்ச் சனம் எல்லோரையும் நினைத்துக்கொள்வேன். உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் எங்கோ ஏதோ ஒன்று தப்பியதால் இருக்கிறவர்கள்.

ஒரு வரி

பெரியப்பா ஊரில் தமிழ் படிப்பித்தவர். இலக்கணம் என்றால் அவருக்கு உயிர். சிலப்பதிகாரத்தையும் நன்னூலையும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பேசக்கூடியவர். அவர் காலமான பின் 31ஆம் நாள் நினைவு மலருக்கான வேலை என்னிடம் வந்தது. வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், படங்கள், நன்றி நவிலல், எல்லா மலரிலும் இருப்பவைதான். கனடாவில் இருக்கும் அண்ணா, பெரியப்பாவின் மூத்த மகன், வாழ்க்கைக் குறிப்புக்கு ஒரு வரியை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "தன் வாழ்நாளில் ஒரு பிழையும் விடாது வாழ்ந்தவர்." முதல் வரியாக வரவேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

எனக்கு அது ஒட்டவில்லை. ஆனால் துக்க வீட்டில், அதுவும் வர முடியாமல் தூரத்தில் இருந்து அழும் ஒரு மகனிடம், உங்கள் வரி சரியில்லை என்று எப்படிச் சொல்வது? அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். அவரிடம் வாசித்துக் காட்டவேண்டும் என்பது அண்ணாவின் சொல்லும்கூட. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாங்கி வாசித்தார். முதல் வரியில் விரலை வைத்தபடி நிறுத்திவிட்டார்.

"இதை எடுத்துவிடு பிள்ளை."

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்ன கதை எங்கள் யாருக்கும் தெரியாதது. தவணைப் பரீட்சை ஒன்றில் வழு பற்றி ஒரு கேள்வி. இன்னும் வீட்டை விட்டுப் புறப்படாத ஒருவன், கூப்பிட்ட நண்பனிடம் "இதோ வந்துவிட்டேன்" என்கிறான், இந்த வாக்கியத்தில் உள்ள வழுவைக் குறிப்பிடுக. விடைக்குறிப்பில் கால வழு என்று இருந்தது. பெரியப்பா அதை வைத்துத் திருத்திக்கொண்டு போனார். ஒரு பெடியன் மட்டும் "இதில் வழு இல்லை, விரைவு பற்றி வந்த கால வழுவமைதி" என்று எழுதியிருந்தான். அதற்குப் பூச்சியம் விழுந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று பின்னேரம் அவன் நன்னூலைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். பயந்து நடுங்கிக்கொண்டு நின்றான் என்றார் பெரியம்மா.

வழு, வழாநிலை, வழுவமைதி என்று நம் இலக்கணம் மூன்று வைத்திருக்கிறது. பிழை, பிழையின்மை, அவற்றுக்கு நடுவில் காரணம் இருப்பதால் பெரியோர் ஏற்றுக்கொண்ட பிழை. விரைவினாலும், மிகுதியினாலும், தெளிவினாலும் காலம் மயங்கலாம் என்பது 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிவைத்தது. பெடியன் சரி. விடைக்குறிப்புப் பிழை. பெரியப்பாவுக்கு இது தெரியாததல்ல, எத்தனையோ தரம் படிப்பித்தது. தாள் திருத்தும் அவசரத்தில் குறிப்பை நம்பிவிட்டார்.

"அண்டைக்கு அவர் நித்திரை கொள்ளேல்லை" என்றார் பெரியம்மா. "அடுத்தநாள் வகுப்பில எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னால, நான் போட்டது பிழை, இவன் எழுதினதுதான் சரி எண்டு சொல்லி, அந்தத் தாளை அங்கேயே வைச்சுத் திருத்திப்போட்டு வந்தவர். விடைக்குறிப்பு எழுதினவையில பழியைப் போடேல்லை. போட்டிருக்கலாம். கடைசிக் காலத்திலயும் அந்தக் கதையைத்தான் எனக்குச் சொல்லுவார். தான் வாத்தியாரா இருந்ததில உருப்படியாச் செய்த வேலை அதெண்டு சொல்லுவார். இந்த வரியைப் போட்டா அது எங்க போகும்? பிழை விடாத மனுசனுக்குத் திருத்த என்ன இருக்கு?"

நான் இவ்வளவு நாளும் வத்திக்கானிலும் கிண்ணியாவிலும் தேடியது அந்தக் கடைசிக் கேள்விக்குள் இருந்தது. பிழை விடாதவர் என்று சொல்லும்போது நாம் ஒருவருக்கு எதையோ கொடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அவரிடம் இருந்த பெரியதொன்றைப் பிடுங்கிக்கொள்கிறோம். வகுப்புக்கு முன்னால் எழுந்து நின்று பிழை என்று சொன்ன அந்தக் காலையை, அதற்கு முந்தைய தூக்கமில்லாத இரவை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டதை.

அரியகற்று ஆசற்றார் கண்ணும் தெரியுங்கால் இன்மை அரிதே வெளிறு என்றொரு குறள் இருக்கிறது. அரியவற்றைக் கற்றுக் குற்றம் நீங்கியவர்களிடம்கூட, கூர்ந்து பார்த்தால் அறியாமை அறவே இல்லாதிருப்பது அரிது. வள்ளுவர் இதை யாரையும் தாழ்த்தச் சொல்லவில்லை. தெரிந்துதெளிதல் அதிகாரத்தில், ஒருவரை எப்படி ஆராய்ந்து நம்புவது என்று சொல்லும் இடத்தில் வைத்திருக்கிறார். குற்றம் அறவே இல்லாதவரைத் தேடிக்கொண்டிருந்தால் யாரையும் நம்ப முடியாது, இதைத் தெரிந்துகொண்டே நம்பு என்பதாகத்தான் நான் வாசிக்கிறேன்.

இதை நான் ஒரு குடும்பக் கதையாக மட்டும் எழுதவில்லை. போர்க்காலம் முழுக்க எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்தவர்களிடம், அவர்கள் எந்தச் சீருடையில் இருந்தாலும், "இது பிழை" என்று ஒருவர் சொல்ல முடியாமல் இருந்தது. சொன்னவர்கள் பிழைக்கவில்லை, அந்தச் சொல்லின் மற்றப் பொருளில். பாப்பரசருக்கு அவருடைய திருச்சபை வைத்த எல்லைகளில் ஒன்றைக்கூட நாம் நம் தலைவர்களுக்கு வைக்கவில்லை. எந்த விடயத்தில், எந்த முறையில், எந்தக் கதிரையில் இருந்து பேசும்போது என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் கூட்டங்களில் அந்தப் பாணிப் புகழ்ச்சி கேட்கிறது. கைதட்டுகிறோம். பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இறையனார் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரர் கதையைச் சொல்லி வளர்த்த நாம், மேடையில் இருக்கும் மனிதரிடம் வாயை மூடிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

உவப்பு

அண்ணாவுடன் பேசினேன். பெரியம்மா சொன்ன கதையைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "அது சரி, ஆனா எனக்கு அப்பா பிழை விடாதவர்தான்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு பெரியப்பாவின் நன்னூல் பிரதியைப் புரட்டினேன். வழுவமைதிக்கான காரணங்களைச் சொல்லும் சூத்திரம்: "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே." ஐந்து காரணங்களில் முதலில் நிற்பது உவப்பு. உரைகாரர் காட்டும் உதாரணம், ஒரு பசுவை "என் அம்மை வந்தாள்" என்பது. பசு அம்மை ஆகாது, திணை மயங்குகிறது. ஆனால் சொல்பவனுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம், அதனால் ஏற்கிறோம். பசுவை மரபுப் பதிவேட்டில் அம்மை என்று எழுதச் சொல்லவில்லை, பிரியத்தில் கூப்பிட அனுமதிக்கிறது இலக்கணம். சூத்திரம் திணையையும் பாலையும் பற்றியதுதான், அதை நான் கொஞ்சம் நீட்டுகிறேன் என்பது தெரியும். பெரியப்பா இருந்திருந்தால் இதற்கே என்னோடு அரைமணி நேரம் வாதாடியிருப்பார்.

வாழ்க்கைக் குறிப்பு என்பது ஊர் சொல்வது. அதில் அந்த வரி வராது என்று அண்ணாவிடம் சொன்னேன். மகன் தன் பெயரில், தன் வாயால் சொல்லலாம். அடுத்த பக்கத்தில் அவர் எழுதும் 'எங்கள் அப்பா' என்ற கடிதத்தில் அவர் விருப்பப்படி என்னவும் எழுதட்டும், நான் ஒரு எழுத்தைத் தொடமாட்டேன். அவருக்கு அது பிடித்தது. வாழ்க்கைக் குறிப்பில் தவணைப் பரீட்சைக் கதை முழுதாக வந்தது. அந்தப் பெடியனின் விடையை அவன் எழுதியபடியே போடவேண்டும் என்று பெரியம்மா சொன்னார், அதையும் போட்டோம். அண்ணா தன் கடிதத்தை அனுப்பியபோது பார்த்தேன், பிழை விடாதவர் என்ற வரி இரண்டாம் பந்தியில் இருந்தது, "எனக்கு" என்ற சொல்லை முன்னால் சேர்த்திருந்தார்.